டாரதி டேன்ட்ரிஜின் 16 மி.மீ. பிரதி: படம் இடவலம் மாறி விழுகிறது

டாரதி டேன்ட்ரிஜ் 1942-இல் பாடி நடித்த 'கவ் கவ் பூகி' சவுண்டியின் (மூன்று நிமிடப் பாடல் படம்) பழைய பிரதி திரையில் இடவலம் மாறி விழுகிறது. பிரதியில் கோளாறு இல்லை. காசு போட்டால் இந்தப் படங்களைக் காட்டிய பானரம் பெட்டிக்குள் கண்ணாடிகளில் பட்டுத் திரையின் பின்பக்கம் விழுவதற்காக அப்படித்தான் அச்சிட்டார்கள்.

'கார்மன் ஜோன்ஸ்' (1954) அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது. அந்தப் பிரிவில் முதல் கறுப்பினப் பெண் அவர்தான். ஆனால் அதில் பாடும் குரல் மரிலின் ஹார்னுடையது. டேன்ட்ரிஜ் என்ற பாடகியைக் கேட்க இந்த மூன்று நிமிடப் படங்களே நல்ல வழி. அவர் பிறந்த கிளீவ்லாந்திலேயே, நவம்பர் 9 பிறந்தநாளில், ஃபிலிமாகவே காட்ட வேண்டும்.

ஃபிலிமைத் திருப்பி மாட்ட முடியாது: ஃபிலிமை நகர்த்தும் துளைகள் ஒரு ஓரத்தில்தான், மறு ஓரத்தில் ஒலித்தடம். திரைக்குப் பின்னாலிருந்து போட்டால் படம் நேராகும். ஆனால் 50 மி.மீ. லென்ஸில் 1.5 மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 8 மீட்டர் தூரம் வேண்டும், திரைக்குப் பின்னால் இருப்பது 3 மீட்டர். புரொஜெக்டரைப் பக்கவாட்டில் வைத்து, லென்ஸுக்கு முன் சாதாரணக் கண்ணாடியை 45 டிகிரியில் நிறுத்தியதில் படம் நேரானது, ஆனால் இரட்டையாகத் தெரிகிறது. கண்ணாடியின் மேற்பரப்பும் பின்பூச்சும் தனித்தனியே பிரதிபலிப்பதே காரணம்.

முன்பக்கம் பூச்சுள்ள கண்ணாடியை லென்ஸிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால், ஓரம் வெட்டாமலும் அதிராமலும் இருக்க என்ன அளவு, என்ன கனம் வாங்க வேண்டும்?