ஊர் நண்பன் சனி, ஞாயிறு வருகிறான்: விடுதியில் எங்கே படுக்க வைப்பது?

கரிசல்மண்:

சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, விடுதி வாசம். எங்கள் தெருவில் ஐந்தாவது வீட்டுப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சு. அவன் அப்பா தவறியபின் படிப்பை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான். (வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.) சென்னையை அவன் பார்த்ததே இல்லை. வெள்ளி இரவு முத்துநகர் எக்ஸ்பிரசில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறுகிறான். திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும் என்பதால் ஞாயிறு இரவே அதே வண்டியில் திரும்பிவிடுவான்.

வெளியாளைத் தங்க வைத்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று விடுதி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். என் கையில் இருப்பது 1,400. போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் அறை நண்பர்கள். இதெல்லாம் எப்படியாவது முடிந்துவிடும். உண்மையான கவலை வேறு. என் அறையில் பாதிப் பேச்சு ஆங்கிலம், மீதி அரியர் கணக்கு. அதன் நடுவில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் என்ன செய்வேன்? போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "உன் பேச்சே மாறிவிட்டதடா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இன்னும் மறக்கவில்லை.

பழைய விடுதிவாசி:

ஒளித்து வைக்கும் வேலை வேண்டாம் தம்பி. எங்கள் காலத்தில் ஒருவன் தன் மாமன் மகனைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தான். இரவு பதினொன்றரைக்கு வார்டன் வந்தபோது, கட்டிலுக்கு மேலே இருந்தவனை விடக் கீழே இருந்தவன் சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அபராதம் போகட்டும், வந்த பையன் நள்ளிரவில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் கொடுமை.

வெளியே அறை எடுத்துத் தங்கும் சீனியர் யாராவது இருப்பார்கள். மொட்டை மாடி அறை, பாய், தலையணை போதும். பகலில் வாசற்காவலரிடம் சொல்லி, நோட்டில் பெயர் எழுதிவிட்டு அழைத்து வாருங்கள். மெஸ்ஸில் விருந்தினர் டோக்கன் கிடைக்கும். இன்னொன்று, முத்துநகர் தாம்பரத்திலேயே நிற்கும். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

லேத் பட்டறை:

நான் உங்கள் நண்பன் பக்கத்து ஆள். கோவையில் லேத் வேலை. எட்டு வருடத்துக்கு முன் திருச்சியில் படித்துக்கொண்டிருந்த நண்பனைப் பார்க்கப் போனேன். நல்லவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை என்று இரண்டு நாளும் சுற்றிக்காட்டினான். பஸ் டிக்கெட் முதல் டீ வரை அவனே கொடுத்தான். நான் பர்சை எடுத்தால் கையைத் தட்டிவிட்டான். மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான், வீட்டிலிருந்து பணம் வாங்குகிறவன் அவன். அவன் அன்பாகத்தான் செய்தான். எனக்கு என்னவோ தர்மம் வாங்குவது போல இருந்தது.

அந்தப் பயணத்தில் இன்றும் நினைவில் நிற்பது கல்லணை இல்லை. ஞாயிறு காலை அவன் துணி துவைத்தான், நான் பக்கத்தில் அலசிக் கொடுத்தேன். அப்போதுதான் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தோற்றதைச் சொன்னான். அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். ஊரையும் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் பணம் கொடுத்தால் ஒரு வேளையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரைவாசி:

ஞாயிறு மாலை மெரினா வேண்டவே வேண்டாம், மணலே தெரியாது. விடியற்காலை பெசன்ட் நகர் போங்கள். அங்கே வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும். 1930-இல், நீரில் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது. அதன் முன்னால் கிரிக்கெட் ஆடுகிற பலருக்கே அது என்னவென்று தெரியாது.

கரிசல்மண்:

போய்விட்டான். நடந்ததைச் சொல்கிறேன்.

சேலையூரில் சீனியர் ஒருவரின் மாடி அறையில் இடம் கிடைத்தது. இரண்டு கிலோ கடலைமிட்டாயோடு இறங்கினான். "2020-இல் இதற்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம்" என்று நான் பெருமையாக ஆரம்பிப்பதற்குள் பாதி காலி.

சனி இரவு அந்த மாடியில் ஏழு பேர். நான் பயந்தபடியே அரியர் பேச்சு ஆரம்பித்தது. அவன் ஓரமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தான். சீனியர் டீ போட அடுப்பைப் பற்ற வைக்கப் போனார், மூன்று குச்சியும் உடைந்தது. ஒருவன் பிளாஸ்டிக் லைட்டரை நீட்டினான். அவ்வளவுதான். "அதை உள்ளே வையுங்கள் அண்ணா" என்று எழுந்து வந்தான். பெட்டியை வாங்கிப் பார்த்தான், நான்காவது குச்சியைச் சாய்த்து உரசினான், பற்றிக்கொண்டது. குச்சி நமத்துப் போயிருக்கிறது, செங்குத்தாக அழுத்தினால் உடையத்தான் செய்யும் என்றான்.

அப்புறம் கட்டை அடுக்குவது, மெழுகில் நனைப்பது, மருந்து முக்குவது எல்லாம் வந்தது. அவன் அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய கதையும் வந்தது. பெட்டி 2 ரூபாயா என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். "14 வருடம் ஒரு ரூபாய்க்கே விற்றோம், 2021 டிசம்பரில்தான் ஏற்றினோம். இந்த 14 வருடத்தில் உங்கள் டீ எவ்வளவு ஏறியது?" என்று கேட்டான். யாரிடமும் பதில் இல்லை. ஒரு மணி வரை தூங்கவில்லை. அதுவரை யாரும் ஆங்கிலத்தில் பேசவும் இல்லை. நான் அதைக் கவனித்ததே மறுநாள்தான்.

பெசன்ட் நகருக்கும் போனோம். அந்த வளைவின் கீழ் வெகு நேரம் நின்றான். "காப்பாற்றப்பட்டவர் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

எழும்பூரில் வண்டி ஏறுமுன் மெஸ் டோக்கனுக்கென்று 120 ரூபாயை நீட்டினான். லேத் பட்டறை அண்ணா, கையைத் தட்டிவிடவில்லை. எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "எண்ணுகிறாயாடா?" என்று முதுகில் ஒன்று வைத்தான்.