அப்பியரன்ஸுக்குள் மெனுவைக் காணோம்: டாஷ்போர்டில் திண்டாடிய அனுபவங்கள்

வலைத்தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸின் டாஷ்போர்டுக்குள், அதாவது தளத்தை நிர்வகிக்கும் உள்பக்கத்தில், வழி தெரியாமல் சுற்றிய கதையைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், ஒரு ஆறுதலாக இருக்கும்.

தங்கையின் ஓவிய வகுப்புக்கு ஒரு தளம். மேலே ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’ என்று இரண்டு இணைப்பு வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. யூடியூபில் ஒருவர் இடது பக்கப் பட்டையில் அப்பியரன்ஸைத் தொட்டார், அதற்குள் மெனுஸ் இருந்தது, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டார். என் திரையில் அப்பியரன்ஸுக்குள் தீம்ஸ், எடிட்டர் இரண்டும்தான். மெனுஸ் இல்லை, விட்ஜெட்ஸ் இல்லை, கஸ்டமைஸும் இல்லை. வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். பிரவுசரை மாற்றினேன். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியும் பார்த்தேன். அதே இரண்டு வரி.

விஷயம் இதுதான். தளத்தின் தோற்றத்தைத் தருவது தீம். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 பதிப்பிலிருந்து, பக்கம் முழுவதையும் பிளாக் பிளாக்காக அடுக்கும் புதுவகை ‘பிளாக் தீம்’ போட்டால் அந்தப் பழைய கதவுகள் மூடிக்கொள்ளும். மெனு, அடிப்பகுதி, தலைப்பகுதி எல்லாம் எடிட்டருக்குள்ளே பிளாக்குகளாகப் போய்விட்டன. நான் தேடிய மெனு அங்கே ‘நேவிகேஷன்’ என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. வீடியோ அதற்கு முந்தைய காலத்தது. இப்போதெல்லாம் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பதிவு எழுதத் திறந்தால் இடது பக்கக் கறுப்புப் பட்டை மொத்தமாக மறைந்துவிடுகிறது. திரும்பி வர வழி தெரியாமல், ஒவ்வொரு முறையும் முகவரிப் பட்டையில் டபிள்யூபி-அட்மின் என்று கையால் அடித்து வந்துகொண்டிருந்தேன். மூன்று வாரம்! மேல் இடது மூலையில் இருக்கும் வேர்ட்பிரஸ் சின்னம்தான் வெளியே வரும் வழியாம். நான் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தளத்துக்கு ஐகான் வைத்திருந்தால் சின்னத்துக்குப் பதில் அது நிற்கும், அப்போது இன்னும் குழப்பம். இப்போது மூன்று புள்ளியைத் தொட்டு ஃபுல்ஸ்கிரீன் மோடை எடுத்துவிட்டேன், பட்டை ஓடிப்போவதில்லை.

*

உங்களுக்காவது மெனு மட்டும்தான் காணாமல் போயிற்று. எனக்குச் செட்டிங்ஸே இல்லை.

ஒரு சிற்றிதழின் தளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். முன்பு அதைக் கவனித்துவந்த அண்ணன் போனில், “செட்டிங்ஸ்ல பெர்மாலிங்க்ஸைத் திறங்க” என்கிறார். “செட்டிங்ஸே இல்லையேண்ணா” என்கிறேன். “இடது பக்கம், கீழே, நல்லாப் பாருங்க.” நல்லாத்தான் பார்க்கிறேன். பதிவுகள், ஊடகம், பக்கங்கள், கருத்துகள், என் சுயவிவரம், டூல்ஸ். அதோடு முடிந்தது. அரை மணி நேரம் இப்படியே போனது. நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவருக்கு எரிச்சல், அவர் வேறு ஏதோ தளத்தைச் சொல்கிறார் என்று எனக்கு.

என்னை ‘எடிட்டர்’ என்ற பொறுப்பில் சேர்த்திருந்தார். அவர் அட்மினிஸ்ட்ரேட்டர். எடிட்டருக்கு மற்றவர் பதிவைத் திருத்தலாம், வெளியிடலாம், ஆனால் தீம், பிளகின் (கூடுதல் வசதிக்கான இணைப்பு நிரல்), செட்டிங்ஸ் எதுவும் கண்ணிலேயே படாது. ‘அனுமதி இல்லை’ என்று ஒரு வார்த்தை காட்டினால் புரிந்திருக்கும். காட்டாமலே ஒளித்துவைத்தால் இருப்பதே தெரியாதே! இதில் ‘கான்ட்ரிபியூட்டர்’ பொறுப்பில் இருப்பவர் நிலைமை இன்னும் பாவம்: எழுதலாம், படம் ஏற்ற முடியாது, வெளியிடவும் முடியாது.

*

நான் இருந்ததைக் கெடுத்த ஆள். செட்டிங்ஸ், ஜெனரலில் வேர்ட்பிரஸ் அட்ரஸ், சைட் அட்ரஸ் என்று இரண்டு பெட்டி உண்டு. எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் வந்து சேரவில்லை, நான் அவசரப்பட்டு இரண்டிலும் எச்டிடிபி பக்கத்தில் ஒரு ‘எஸ்’ சேர்த்துச் சேமித்துவிட்டேன். அடுத்த நொடி தளமும் இல்லை, டாஷ்போர்டும் இல்லை. மாற்றிய இடத்துக்குப் போய்த் திருப்பி மாற்றலாம் என்றால் அந்த இடத்துக்கே போக முடியாது.

தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியாக டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, பழைய முகவரியை இரண்டு வரியில் எழுதிவைத்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் உள்ளே போனால் அந்த இரண்டு பெட்டியும் சாம்பல் நிறத்தில், தட்டச்சே ஆகவில்லை. மறுபடி வயிற்றைக் கலக்கியது. கோப்பில் எழுதிவிட்டால் திரையில் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சான்றிதழ் வந்ததும் அந்த வரிகளை எடுத்துவிட்டேன், பெட்டிகளும் திறந்துகொண்டன.

*

என் கதை சின்னது. முதல் நாளே டாஷ்போர்டு அடைசலாக இருக்கிறதென்று மேல் வலது மூலையில் ஸ்கிரீன் ஆப்ஷன்ஸைத் திறந்து, எல்லாப் பெட்டியின் டிக்கையும் எடுத்துவிட்டேன். வெறிச்சென்று அழகாக இருந்தது. ஆறு மாதம் எழுதினேன். தேடினால் தளம் வரவேயில்லை.

செட்டிங்ஸ், ரீடிங்கின் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு டிக். தளம் கட்டும்போது நானே போட்டு மறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த டிக் இருந்தால் டாஷ்போர்டு முகப்பில் ‘அட் எ கிளான்ஸ்’ பெட்டியில் அதை எழுதிக் காட்டுமாம். அந்தப் பெட்டியைத்தான் முதல் நாளே மூடியிருந்தேன்.

*

தொடங்கியவன்தான் மறுபடி. கடைசி ஆள் சொன்னதைப் படித்துவிட்டு ரீடிங்கைத் திறந்து பார்த்தேன். டிக் இருக்கிறது. புதிதாக நிறுவியபோது போட்டிருப்பேன் போல. எடுத்துவிட்டேன். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.