மெர்ஸ்போ கேட்டேன், தலைவலி வந்தது, மறுநாளும் போட்டேன். இதில் எதைக் கேட்கணும்?

கட்டபெட்டுக்காரன்:

கோத்தகிரி பக்கம் கொழுந்து எடை போடும் ஷெட்டில் வேலை. மூட்டைகளை எடை போட்டு அடுக்கிவிட்டால் அப்புறம் பாக்டரி லாரி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெங்களூரில் இருக்கிற சித்தப்பா மகன் போன வாரம் ஒரு ஃபோல்டர் அனுப்பினான். "ஹார்ஷ் நாய்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், பயப்படாமல் கேள்" என்று மட்டும் எழுதியிருந்தான். இரைச்சலையே இசையாகப் போடுகிற வகைகளாம். முதலில் திறந்தது மெர்ஸ்போ என்ற ஜப்பானியரின் பல்ஸ் டீமன் ஆல்பம். ஆரம்பித்த உடனே ஹெட்போன் பின் லூசாகிவிட்டது என்று நினைத்து ஒயரைத் திருகி, ஊதி, வேறு போனில் செருகிப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை, பாட்டே அப்படித்தான்.

முதல் பாட்டின் பெயர் வுட்பெக்கர் நம்பர் 1. மரங்கொத்தியைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரன் நான், இதில் மரங்கொத்தி எங்கே என்று ரொம்ப நேரம் தேடினேன். கொத்து வாங்குகிற மரத்துக்குக் காது இருந்தால் இப்படித்தான் கேட்குமோ என்னவோ. இருபது நிமிஷத்தில் நெற்றிப்பொட்டில் வலி, கழற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. தகரக் கூரை, பக்கத்தில் நிற்கிறவர் பேசினால்கூடக் கேட்காது. ஏன் என்று தெரியவில்லை, திரும்ப அதையே போட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியவில்லை. நடுவில் யாரோ "தம்பி" என்று கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. திரும்ப மாட்டினால் மறுபடியும் "தம்பி". பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஃபோல்டரில் இன்னொரு வகையும் இருக்கிறது. கீச்சென்ற சத்தத்தின் மேல் ஒரு ஆள் கத்திக் கத்தித் திட்டுகிறான், குழாயடிச் சண்டை மாதிரி. அதுதான் பவர் எலக்ட்ரானிக்ஸாம். அதைக் கேட்டு முடித்ததும் கையைக் கழுவணும் போல இருந்தது.

கேட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள். இதில் காது எதைப் பிடித்துக்கொள்ளணும்? நல்ல நாய்ஸ், மோசமான நாய்ஸ் என்று உண்டா, இல்லை எல்லாமே ஒன்றுதானா?

லவ்டேல்_ஸ்டேஷன்:

எங்கள் வீட்டு மிக்ஸி பதினோரு வருஷமாகத் தேங்காய்ச் சட்னி ஆல்பம் போடுகிறது, யாரும் எழுதிக் கொண்டாடவில்லை. நல்ல ராஜா பாட்டாகப் போட்டுக்கொண்டு லாரிக்குக் காத்திரும் ஐயா.

குன்னூர்_ஃபிட்டர்:

இந்தப் பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகன் உங்கள் பதிவைக் காட்டினான், அவன் போனிலேயே பத்து நிமிஷம் கேட்டேன். டீ பாக்டரியில் ஃபிட்டராக இருபத்தாறு வருஷம் ஆகிறது, அதனால் இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிடிசி மிஷினில் பல் வெட்டிய இரண்டு ரோலர் எதிரெதிரே ஓடும். ஒன்று மெதுவாகச் சுற்றும், இன்னொன்று அதைப்போலப் பத்து மடங்கு வேகம். வாடின கொழுந்து நடுவில் போய் நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழும். புதிதாக உள்ளே வருகிறவனுக்கு அந்த ஹால் முழுக்க ஒரே இரைச்சல், வாயசைவைப் பார்த்துத்தான் பேசவே முடியும். எங்களுக்கு அது ஒரே இரைச்சல் இல்லை தம்பி. ரோலர் பல் கூர்மையாக இருந்தால் சத்தம் மெலிசாக, கத்தரிக்கோல் துணியில் போகிற மாதிரி வரும். பல் மழுங்க மழுங்கச் சத்தம் தடிக்கும், இலையை வெட்டாமல் மெல்லுகிற மாதிரி ஆகிவிடும். பேரிங்கில் கிரீஸ் காய்ந்தால் எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிசாக ஒரு விசில், அதைக் கவனிக்காமல் விட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு லைன் நின்றுவிடும். பெல்ட் தளர்ந்தால் தப்புத் தப்பு என்று ஒரு அடி. டிரையர் ஃபேன் இவை எல்லாவற்றுக்கும் அடியில் பாய் விரித்த மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் முழுசையும் ஒரே நேரத்தில் காதில் வாங்கவே கூடாது, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் பின்னாலேயே போகணும், அப்புறம் விட்டுவிட்டு அடுத்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஸ்குரூ டிரைவர் நுனியை மிஷின் மேல் ஊன்றி, பிடியைக் காதுப் பக்கத்து எலும்பில் வைத்துக் கேட்பார்.

உங்கள் பாட்டையும் அப்படியே கேட்டேன். அடியில் மோட்டார் ஓட்டம் ஒன்று, அதற்கு மேல் மணல் சலிக்கிற மாதிரி ஒன்று, அவ்வப்போது வெல்டிங் பொறி, உச்சியில் அந்த பேரிங் விசில். அந்த விசில் வந்ததும் என் கை தானாகப் பாக்கெட்டில் ஸ்பானரைத் தேடியது. அப்புறம்தான் இங்கே எதையும் ரிப்பேர் பண்ண வேண்டியதில்லை என்று உறைத்தது. இவ்வளவு சத்தத்தை சும்மா உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. பிடித்ததா என்று மகன் கேட்டான், தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பூம்பாறைப்_பூண்டு:

ஃபிட்டர் அண்ணா, நான் பன்னிரண்டு வருஷமாக இதைக் கேட்கிறேன், இவ்வளவு சரியாகச் சொல்ல வந்ததில்லை.

நான் கொடைக்கானல் பக்கம். சின்ன வயதில் ரேடியோவில் கோடை பண்பலை 100.5 மதுரை, திண்டுக்கல்லில் எல்லாம் கணீரென்று கேட்கும், மலைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில் ஒரு மூலையில் மட்டும்தான் வரும். குமிழை மயிரிழை நகர்த்தினால் இரைச்சல், அதற்குள் பாதி விளம்பரம், பாதிப் பாட்டு. பாட்டைவிட அந்த விளிம்பு எனக்குப் பிடித்திருந்தது. நாய்ஸுக்குள் நான் வந்த வழி அது.

மெர்ஸ்போ என்பது டோக்கியோவைச் சேர்ந்த மசாமி அகிதா என்ற ஒரே ஆள், 1979-இல் தொடங்கினார். பெயரை எடுத்தது குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மன் ஓவியரிடமிருந்து. அவர் கண்ணில் பட்ட கழிவுப் பொருள்களை எல்லாம் சேர்த்து ஹனோவரில் தன் வீட்டு அறைக்குள்ளேயே மெர்ஸ்பாவ் என்று ஒரு கட்டுமானத்தை வளர்த்தவர். அகிதா சத்தத்தில் செய்வதும் அதுதான், மற்றவர்கள் வடிகட்டித் தூக்கி எறிகிற ஃபீட்பேக் (மைக் ஸ்பீக்கர் பக்கம் போனால் வருமே, அந்தக் கீச்சல்), உடைசல், இரைச்சல் எல்லாம் இவருக்குக் கட்டுமானச் சாமான். பல்ஸ் டீமன் 1996-இல் வந்தது. புதிதாகக் கேட்கிறவருக்கு முதலில் அதைக் கொடுத்த உங்கள் தம்பியைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மோசமான நாய்ஸ் கண்டிப்பாக உண்டு, நிறையவே உண்டு. சத்தத்தைக் கரகரப்பாக உடைக்கிற டிஸ்டார்ஷன் பெடலை முழுசாகத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டவனைக் காதே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஆள் ஒவ்வொரு நொடியும் கையை வைத்திருப்பார்: ஒரு அடுக்கை வெட்டுவார், அது போன பிறகுதான் இவ்வளவு நேரம் அது இருந்ததே நமக்குத் தெரியும். இன்கபாசிடன்ட்ஸ் கேளுங்கள், இரண்டு ஜப்பானியர்கள், ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், இன்னொருவர் அரசாங்க வேலையில் இருந்தவர். கோட்டு போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

இதற்கு நேர் எதிராக, எதுவுமே மாறாமல் ஒரே சுவராக நிற்கும் வகையும் இருக்கிறது, ஹார்ஷ் நாய்ஸ் வால் என்பார்கள். பிரான்ஸில் வோமிர் என்ற பெயரில் ரொமேன் பெரோ செய்வது அதுதான். கச்சேரியில் தலையில் கருப்பு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நிற்பார், கேட்க வந்தவர்களுக்கும் பை கொடுப்பார். நீலகிரியில் நடத்தினால் முதலில் பைக்குத்தான் அபராதம் விழும். உங்கள் தகரக் கூரை மழைக்குச் சொந்தம் இந்த வகைதான். கணக்கில்லாத துளிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் விழுவதால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில் நிறைந்துவிடுகிறது. காதுக்குப் பிடிமானம் இல்லாதபோது மூளை சும்மா இருக்காது, தனக்குப் பழக்கமானதை உள்ளே தேடும். குளிக்கும்போது போன் அடிக்கிற மாதிரி கேட்குமே, அதே கதைதான் உங்கள் "தம்பி". நாள் முழுக்க உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்?

பவர் எலக்ட்ரானிக்ஸ் வேறு சமாசாரம். லண்டனில் 1980-இல் வில்லியம் பென்னட் தொடங்கிய வைட்ஹவுஸ் குழுவிலிருந்து வருகிறது, அந்தப் பெயரே 1982-இல் வந்த அவர்களுடைய ஒரு இசைத்தட்டின் உறையில் அவர் எழுதியதுதான். தாளம் கிடையாது, அடியில் ஒரு உறுமல், மேலே ஊசி மாதிரி ஃபீட்பேக், நடுவில் குரல். வாஸ்ப் என்று மஞ்சளும் கருப்புமாக மலிவான சின்ன சிந்தசைசர் ஒன்று அவரிடம் இருந்தது, வாஸ்ப் என்றால் குளவி, சத்தத்தைக் கேட்டால் பெயர் சரிதான் என்பீர்கள். நீங்கள் சொன்ன குழாயடிச் சண்டையில் எதிராளிக்கும் வாய் உண்டு, பாதிச் சண்டை அவளுடையது. இதில் எதிராளி கேட்கிற நீங்கள், உங்களுக்கு மைக் கிடையாது. அந்த அருவருப்பை வரவைப்பதுதான் அவர்கள் நோக்கம், அதனால் உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் கொலைகாரர்களையும் நாஜி அடையாளங்களையும் வைத்து அதிர்ச்சி காட்டுவது அங்கே சாதாரணம், விமர்சிக்கிறார்களா ரசிக்கிறார்களா என்று வேண்டுமென்றே மூடி மறைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒரு பகுதியோடு ஒத்துவரவில்லை, நிறைய அழித்துவிட்டேன். சத்தம் பிரமாதமாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டுக்குள் விட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று: தம்பி அனுப்பியது சின்ன சைஸ் எம்பி3 என்றால் திரும்பக் கேட்டு வாங்குங்கள். இரைச்சலைச் சுருக்குவது கஷ்டம், அடுத்து என்ன வரும் என்று கணிக்க அதில் ஒன்றும் இல்லை. தரம் குறையாமல் சுருக்குகிற ஃப்ளாக் ஃபைலாகப் போட்டால்கூடப் பெரிதாகச் சுருங்காது. குறைந்த தரத்தில் எம்பி3 ஆக்கினால் மேல் பகுதி முழுக்கத் தண்ணீருக்குள் சலசலக்கிற மாதிரி ஆகிவிடும். பாதித் தலைவலி அதனால்கூட இருக்கலாம்.

ஊட்டி_குளிர்காது:

எல்லோரும் ரசனையிலேயே இருக்கிறீர்கள், நான் காது கேட்கும் பரிசோதனை செய்கிற வேலையில் இருப்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. 85 டெசிபெல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் போனால் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிஷம்தான். சாதாரணப் பாட்டில் இடையிடையே சத்தம் இறங்கும், இதில் இறங்குவதே இல்லை. அதிலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது ரொம்பக் கூர்மை, இந்த இசை போய்க் குத்துவதும் அங்கேதான். உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. கட்டபெட்டு தம்பி, மழைச் சத்தத்தை ஜெயிப்பதற்காக வால்யூமைக் கூட்டியிருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள், குறைத்து வைத்தாலும் இந்தப் பாட்டு இந்தப் பாட்டுதான்.

ஃபிட்டர் அண்ணா, பாக்டரியில் காதடைப்பான் போடுகிறீர்களா?

குன்னூர்_ஃபிட்டர்:

பஞ்சு வைப்போம். அதுவும் இப்போதுதான், முன்பெல்லாம் அதுவும் இல்லை. இடது காதில் சில்வண்டு மாதிரி ஒன்று நாலைந்து வருஷமாகவே ஓடுகிறது, மிஷின் நின்ற ஞாயிற்றுக்கிழமையில்தான் அதிகம்.

ஊட்டி_குளிர்காது:

பஞ்சு தடுக்காது அண்ணா. நுரை அடைப்பான் வாங்கி, உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுசாக உள்ளே விடுங்கள். சில்வண்டுக்கு ஒரு நாள் வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஃபிட்டர் அண்ணா சொன்னபடி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தேன், வால்யூமைப் பாதியாகக் குறைத்து. இரண்டாம் பாட்டில் அடியில் ஓடுகிற உறுமல் நடுவில் ஓரிடத்தில் படக்கென்று அறுகிறது. மூன்று தடவை கேட்ட பிறகுதான் தெரிந்தது, முதலில் அது இருந்ததே தெரியாது. பூண்டு அண்ணா சொன்னது அப்படியே. கத்தல் வகையை எடுத்துத் தனியாகப் போட்டுவிட்டேன், இப்போதைக்கு அந்தப் பக்கம் போவதாக இல்லை.

அப்புறம் ஒரு பைத்தியக்காரத்தனம். எலக்ட்ரிக் கடையில் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பீசோ தகடு இருபது ரூபாய்க்குக் கிடைத்தது, இரண்டு ஒயரைப் பற்றவைத்து, பழைய கரோக்கே பெட்டியின் மைக் ஓட்டையில் செருகி, தகட்டை ஷெட் கூரைத் தகரத்தில் டேப் போட்டு ஒட்டினேன். காற்றில் வருகிற சத்தம் அதில் அவ்வளவாக வராது, பெரும்பாலும் தகரத்தின் அதிர்வுதான். மழை என்று நினைத்துக்கொண்டிருந்தது மழையே இல்லை, பாதி சத்தம் லூசான ஆணிகளும் வாஷர்களும் போடுவது. சில்வர் ஓக் கிளையிலிருந்து சொட்டுகிற பெரிய துளி மட்டும் தனியாக, கதவைத் தட்டுகிற மாதிரி விழுகிறது. நடுவில் ஒரு குரங்கு கூரையில் ஓடியதில் பெட்டியே அலறிவிட்டது, அந்த ஒரு நிமிஷம் பல்ஸ் டீமனில் சேர்த்தாலும் யாருக்கும் தெரியாது.

கொழுந்து கொண்டுவந்த பெரியம்மா கூரையிலிருந்து தொங்குகிற ஒயரைப் பார்த்துவிட்டு என்ன தம்பி இது என்றார். மழையைப் பதிவு பண்ணுகிறேன் என்றேன். ஈர இலைக்கு நான் போன வாரம் கழித்த எடை அவருக்கு மறக்கவில்லை. "பண்ணு பண்ணு, அதுக்கும் தண்ணிக் கழிவு பிடிப்பியா?" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தராசில் வைத்தார்.