நம்ம மொரிஷியஸ் 200 மீட்டர் வீரர் ஸ்டெஃபான் பக்லண்ட் ஓட்டம் பாத்தவங்க, நம்ம ரிலே ஆளுங்கள நேர்ல பாத்தவங்க: அனுபவத்த சொல்லுங்க

கத்ர்போர்ன்காரன்:
அவர் யாருன்னு இங்க விளக்க வேண்டியதில்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் 200 மீட்டர் ஃபைனல், இங்க நடுராத்திரி ஆகப்போகுது, வீட்ல நானும் அப்பாவும் மட்டும் முழிச்சிருக்கோம். எட்டுப் பேர் வரவேண்டிய இடத்துல ஏழு பேர், அசாஃபா பவல் ஓடல. ஸ்டேடியம் முழுக்க "ஹெல்லாஸ்"னு கத்தி, விசில் அடிச்சி, ரேஸ ஆரம்பிக்கவே விடல. அவங்க ஊரு 200 மீட்டர் சாம்பியன் கென்டெரிஸ் டோப் டெஸ்ட்டுக்கு வராம போட்டியிலயே இல்லாம போன கோவம். அந்தக் கூச்சலுக்குள்ள நின்னு நம்மாளு 20.24 ஓடினாரு, ஆறாவது. அப்பா "ஆறாவதா"ன்னு கேட்டுட்டு டிவிய அணைச்சிட்டுப் படுக்கப் போய்ட்டாரு. மூணாவது வந்தது அந்த ஒலிம்பிக்ல 100 மீட்டர் தங்கம் வாங்கின கேட்லின், நாலாவது ஒலிம்பிக்ல நாலு வெள்ளி வாங்கின ஃபிரெட்ரிக்ஸ்பா! இத சொல்லணும்னு இப்பவும் வாய் வரைக்கும் வருது, அப்பா தான் இல்ல.

பம்பூ பையன்:
போல்ட்டயே முந்தினவர் நம்மாளு, அத யாரும் சொல்லல பாருங்க. நான் சின்னப் பையன், சலூன்ல முடி வெட்டிக்கிட்டு இருக்கேன், டிவியில அந்த ரேஸ், வெட்டிக்கிட்டு இருந்தவரு கத்திரிய அப்படியே தூக்கிப் புடிச்சிக்கிட்டு கத்துறாரு, என் காது போச்சுன்னே நெனச்சேன்.

எபேன் ஐடி:
தம்பி, அது 2005 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப். போல்ட்டுக்கு அப்ப வயசு 18, ஓடும்போதே கால் புடிச்சிக்கிட்டு 26.27ல கடைசியா வந்தாரு. இத வச்சி பெருமை பேசினா வெளியாளு சிரிப்பான். நம்மாளு அதுல அஞ்சாவது, அதுவே போதும்ல. எனக்கு வயிறு எரியிறது 2003 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப். ஃபைனலுக்கு முன்னாடி ஒரு சுத்துல 20.06 ஓடினாரு, ஃபைனல்ல 20.41, அஞ்சாவது. தங்கம் வாங்குன கேப்பல் ஓடினது 20.30! முதல் அஞ்சு பேரும் ஒரு கைக்குள்ள அடங்குற மாதிரி. அந்த 20.06அ ஃபைனலுக்குன்னு வச்சிருக்கக் கூடாதா?

பம்பூ பையன்:
முந்தினாரா இல்லயா அண்ணா, அத மட்டும் சொல்லுங்க.

ரோஸ்ஹில் அக்கா:
சண்டைய விடுங்கப்பா. நான் சொல்றது வேற ஆளு, நம்ம நேஷனல் ரிலே டீம்ல ஓடி ரிட்டையர் ஆனவரு, பேர் வேணாம். ரொட்டி கடை வரிசையில எங்களுக்கு முன்னாடி நின்னாரு. என் பொண்ணு ஸ்கூல் ரிலேல செலக்ட் ஆயிட்டேன்னு என்கிட்ட பீத்திக்கிட்டு இருந்தா, அவர் திரும்பிப் பாத்து "பேட்டன் கட்டைய வாங்கும்போது பின்னாடி திரும்பிப் பாப்பியா?"ன்னாரு. பாப்பேன்னா. கையில இருந்த நீட்டு ரொட்டிய பேப்பரோட புடிச்சிக்கிட்டு, "அந்தப் பக்கம் பாத்து நில்லு, நான் கத்தினதும் கைய பின்னால நீட்டு, அசைக்காத"ன்னு சொல்லி ரோட்டோரமா ஓடி வர்றாரு, வயசு அம்பது இருக்கும், அந்த வேகத்துக்கு வரிசையே ஒதுங்கிருச்சு. டப்புனு உள்ளங்கையில ரொட்டி. இவ திரும்பல! வலது கையில வாங்கினவ அடுத்த ஆளுக்கு இடது கையில குடுக்கணும், ஆனா ஓடும்போது கை மாத்தக் கூடாதுன்னாரு, அப்புறம் நசுங்கின ரொட்டியோட போய்ட்டாரு. எனக்கு வேற ரொட்டி வாங்கித் தரணும்னு கூட தோணல.

கோர்தெகார்த் மணி:
அக்கா, அதுல ஒரு தப்பு இருக்கு. வலது கையில வாங்கினா அதே வலது கையில தான் குடுக்கணும், அடுத்தவரு இடது கையில வாங்குவாரு. முதல் ஆளு வலது, ரெண்டாவது இடது, மூணாவது வலது, கடைசி இடது. வளைவுல ஓடுற ஒண்ணும் மூணும் கோட்ட ஒட்டி உள்பக்கமா ஓடலாம், அதுக்குத்தான். நான் 2006ல பம்பூவில ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப் பாத்தேன், டிராக்ல ஸ்பைக் கிழிக்கிற சத்தம் தான் ஞாபகம், அவ்வளவுதான் நம்ம கதை. ஆனா பிள்ளைங்கள ரிலேக்கு விடுறவங்க கேளுங்க. 4x100ல பேட்டன் மாத்துற இடம் முன்னாடி 20 மீட்டர், இப்ப 30 மீட்டர், பழைய வீடியோ பாத்து பழக்காதீங்க. டிராக்ல டேப் ஒட்டி அடையாளம் வச்சி, வர்றவன் அத மிதிச்சதும் வாங்குறவன் கெளம்பணும், கண்ண நம்பக் கூடாது. ஸ்பைக் ஷூ உடனே வாங்கித் தராதீங்க. மலக் கோயில் படியில ஏறச் சொல்லுங்க, காவடி நேரத்துல மட்டும் வேணாம், கூட்டம். சாப்பாடு ரெண்டு மணி நேரம் முன்னாடி. அப்புறம் தூக்கம்...

ரோஸ்ஹில் அக்கா:
மணி அண்ணா, அவர் சரியாத்தான் சொல்லியிருப்பாரு, நான் தான் மாத்தி எழுதியிருப்பேன். பொண்ணு இப்ப கணக்கு டியூஷன், ரிலே எல்லாம் விட்டாச்சு.

எபேன் ஐடி:
2006 மெல்பர்ன் காமன்வெல்த்த விட்டுட்டீங்களே. தங்கத்துக்கும் நம்மாளு வெள்ளிக்கும் ஒரே டைம், 20.47. போட்டோ பாத்து ஓமர் பிரவுனுக்குக் குடுத்தான். அதுக்கு சலூன்காரர் கத்தினாரா தம்பி?

பம்பூ பையன்:
அவர் அதுக்குள்ள கடைய மூடிட்டாரு அண்ணா.

ரோஸ்ஹில் அக்கா:
எந்தக் கடை, எந்த ஆளுன்னு தனியா மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கீங்க. சொல்ல மாட்டேன், அவர நிம்மதியா ரொட்டி வாங்க விடுங்க.