ஆச்சி வீடு, பாளை

சனிக்கிழமை, காலை 7:06

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிக்கல். நேற்று ராத்திரியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் சரியாக வரவில்லை. மாமா சதாபிஷேகத்தன்று மண்டபத் திரையில் ஓட்ட வைத்திருக்கும் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கோமதி: எல்லாமா?

செல்வி: எல்லாம்தான் மதினி. மாமா அத்தை கல்யாண போட்டோவைப் ப்ரியா ஸ்கேன் செய்து தந்தாளே, அதுவும்.

கோமதி: ஐயோ

மீனா: காலை வணக்கம் 🙏 சமையல்காரர் முன்பணம் கேட்கிறார். யார் போடுவது?

ராஜாராம்: எந்தக் கம்ப்யூட்டர்?

கோமதி: தினேஷ் ப்ராஜெக்டுக்கு என்று அப்பா 2015ல் வாங்கித் தந்ததுதான். 42,000 ரூபாய்.

ராஜாராம்: அது எதற்கு இப்போது.

கோமதி: கேட்டீர்கள், சொன்னேன் அண்ணன்.

ப்ரியா: ப்ராஜெக்டில் எத்தனையாவது லெவல் வரை போனீர்கள் அத்தான்?

தினேஷ்: 😐

விக்னேஷ்: சரியாக வரவில்லை என்றால் என்னவென்று நான் சொல்கிறேன். ஆன் ஆகிறது. விண்டோஸ் வருவதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. உள்ளே டிக் டிக் என்று சத்தம். தேதி வேறு 2014 ஜனவரி என்று காட்டுகிறது. நெட்டில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

தினேஷ்: விக்கி, உடனே ஆஃப் செய். சும்மா சும்மா ஆன் செய்து பார்க்காதே.

தினேஷ்: விவரமாகச் சொல்கிறேன், எல்லாரும் படியுங்கள். தேதி தப்பாக வருவது சின்ன விஷயம். போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பட்டன் செல் இருக்கும், சிஆர் 2032. அது செத்துவிட்டது. தேதி தப்பினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்று ஒத்துப் போகாது, அதனால்தான் எதுவும் திறக்கவில்லை. ஐம்பது ரூபாய் கூட ஆகாது. டிக் டிக்தான் பெரிய விஷயம். அது ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, மேலே ஒரு முள் போய் வந்து படிக்கிறது. பத்து வருடம் ஆன சாமான். ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் முள் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும். பதினைந்து நிமிடம் அதில்தான் போகிறது. இந்த நிலைமையில் வைரஸ் ஸ்கேன், டீஃப்ராக் எதையும் தொடக் கூடாது. இருக்கிற கொஞ்ச உயிரையும் அது குடித்துவிடும். முதலில் போட்டோவை வெளியே எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

மீனா: படித்தேன். முன்பணம்?

முருகன்: 👍

மீனா: எதற்கு 👍 அண்ணன்? முன்பணத்துக்கா?

விக்னேஷ்: டிஸ்க் நிலைமையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன் அண்ணன். மஞ்சள் காட்டுகிறது.

தினேஷ்: மஞ்சள் என்றால் தப்பித்தோம். பென் டிரைவ் இருக்கிறதா?

விக்னேஷ்: 64 ஜிபி ஒன்று இருக்கிறது. பார்ட்ஸ் வேண்டும் என்றால் ஒரு லிஸ்ட் போடவா?

தினேஷ்: என்ன லிஸ்ட்?

கோமதி: *பலமுறை பகிரப்பட்டது* அவசரம்!! விண்டோஸ் 10 உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் தாமாகவே நின்றுவிடும்! உடனே புதியது வாங்கவும்! உங்கள் சொந்தங்களுக்கும் தெரியப்படுத்தவும்!!

ப்ரியா: அம்மா, அப்படியெல்லாம் இல்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஓடும். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை அப்டேட்டும் வரும்.

கோமதி: பிறகு ஏன் பாளையில் ஓடவில்லை?

ப்ரியா: 🤦‍♀️

காலை 8:31

விக்னேஷ்: எப்படியும் பெட்டியைத் திறக்கப் போகிறோம். அதோடு ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி, ரேம், கிராபிக்ஸ் கார்டு, கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாற்றிவிடலாமே.

செல்வி: மார்ச்சில் பரீட்சை.

விக்னேஷ்: தாத்தா போட்டோவை வீடியோவாக்க வேண்டுமே அம்மா

செல்வி: போட்டோவுக்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

விக்னேஷ்: எடிட்டிங்

ப்ரியா: 😂😂

செல்வி: ராத்திரி மூன்று மணிக்கு ஹாலில் அந்தப் பெட்டி உறுமுகிறது. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

விக்னேஷ்: சத்தியமாக நான் இல்லை

செல்வி: பின்னே முனியா வந்து விளையாடுகிறது?

சங்கர் ஷார்ஜா: மருமகனே, கவலைப்படாதே. கிராபிக்ஸ் கார்டு மாமா வாங்கி வருகிறேன் 💪

மீனா: 2022லும் இதைத்தான் சொன்னீர்கள்.

சங்கர் ஷார்ஜா: அப்போது கார்டு விலை எல்லாம் ஏறிக் கிடந்தது.

கோமதி: எனக்குச் சொன்ன மிக்ஸியும் ஏறிக் கிடந்ததா மாப்பிள்ளை?

தினேஷ்: மாமா, கார்டு வேண்டாம். அங்கே வாங்கினால் இங்கே வாரண்டியை எல்லாக் கம்பெனியும் ஏற்காது. அந்தப் போர்டுக்கு எல்லாக் கார்டும் ஒத்தும் வராது.

சங்கர் ஷார்ஜா: அப்படியா. சரி சரி.

மீனா: முகத்தில் என்ன வெளிச்சம்.

முருகன்: எவ்வளவு ஆகும்?

தினேஷ்: கையில் எவ்வளவு சித்தப்பா?

முருகன்: பத்து.

செல்வி: யாரைக் கேட்டு?

முருகன்: ஆறு.

தினேஷ்: ஆறில் பார்ப்போம். சிப் ஐ5 4460, 2014ல் வந்தது. போர்டு எச்81. அதில் ரேமுக்கு இரண்டே இடம், டிடிஆர்3 வகை, மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். இப்போது ஒரு 8 ஜிபி மட்டும் இருக்கிறது. பக்கத்து இடத்தில் அதே வேகத்தில் இன்னொரு 8 போட்டால் இரண்டும் ஜோடியாக ஓடும். புது ரேம் பக்கமே போக முடியாது, ஏஐக்கென்று கட்டும் டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதில் விலை எகிறிக் கிடக்கிறது. நமக்குப் பழைய டிடிஆர்3 போதும். சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் ஆயிரம் ரூபாய்க்குப் பேசிப் பார்க்கிறேன். ஆனால் எஸ்எஸ்டிதான் உயிர். ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்த காலத்திலேயே விநாடிக்கு நூற்றைம்பது எம்பி தந்தால் பெரிது, சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறு தரும். அதைவிட, அதில் முள்ளே கிடையாது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் ஃபைலைத் தேடி ஓட வேண்டியதில்லை. விண்டோஸ் அரை நிமிடத்தில் வந்துவிடும். விக்கி, ஒயரை எங்கே செருகுகிறாய் என்று மட்டும் பார். எச்81ல் ஒயர் செருகும் சாட்டா இடம் நாலு இருக்கும், இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3. போர்டிலேயே எழுதியிருக்கும்.

மீனா: இதைப் படிப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

ராஜாராம்: எர்த் பார்த்தீர்களா?

முருகன்: பார்க்கிறேன் அண்ணன்.

ராஜாராம்: பார்க்கிறேன் என்று போன தீபாவளிக்கும் சொன்னாய். அந்த யுபிஎஸ் 600 விஏ. அதாவது 360 வாட். அதில் டிவியையும் மாட்டி வைத்திருக்கிறாய். பெட்டியோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். கையில் தூக்கிப் பாருங்கள். தக்கையாக இருந்தால் நம்பாதீர்கள்.

தினேஷ்: அப்பா சொல்வது சரி.

ப்ரியா: வரலாற்றில் முதல் முறை

ராஜாராம்: மின்வாரியத்தில் 31 வருடம்.

கோமதி: தெரியும் அண்ணன்.

விக்னேஷ்: கார்டு?? ஆர்எக்ஸ் 580 பழையது ஐயாயிரத்துக்கு வருகிறது என்று நண்பன் சொல்கிறான். 8 ஜிபி.

தினேஷ்: 580 ஒன்றே 185 வாட் இழுக்கும். எட்டு முனை ஒயர் தனியாக வேண்டும், உன் எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடி ஓய்ந்ததைத்தான் துடைத்து விற்பார்கள். அடுத்து நீ 6500 எக்ஸ்டி என்பாய். அதில் லேன், அதாவது டேட்டா போகும் வழி, நாலே நாலு. உன் போர்டில் கார்டு செருகும் பிசிஐஇ இடமோ பழைய 2.0. நாலு வழிச் சாலைக்கென்று செய்த வண்டியை மேலரத வீதிச் சந்தில் விட்ட மாதிரி திணறும். 1650 என்றால் பரவாயில்லை. பதினாறு லேன், 75 வாட், தனி ஒயர் கேட்காத மாடலும் உண்டு. இப்போது இருக்கும் கார்டு 750 டிஐ 60 வாட்தான், அதனால்தான் இந்த டப்பா எஸ்எம்பிஎஸ்ஸிலும் பத்து வருடம் தாக்குப் பிடித்தது.

விக்னேஷ்: சிப்பை ஐ7 4790 ஆக்கினால்?

தினேஷ்: அதே சாக்கெட், மாட்டலாம். எதற்கு? இந்தப் போர்டில் என்ன போட்டாலும் விண்டோஸ் 11 முறைப்படி வராது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்பான். கல்லூரி போகும்போது ஏஎம்4 போர்டு, ரைசன் 5600 சிப் என்று மொத்தமாகப் பார்க்கலாம். அன்றைக்கு எஸ்எஸ்டியும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே வரும். ஐ7ம் டிடிஆர்3ம் வராது.

ப்ரியா: லினக்ஸ் போடு விக்கி. அக்டோபர் கவலையே இல்லை.

விக்னேஷ்: வாலரண்ட் ஓடாது மதினி

செல்வி: வாலரண்ட் யார்?

விக்னேஷ்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

காலை 10:15

ஆச்சி: *குரல் பதிவு 1:12*

மீனா: அம்மா, மிக்ஸி சத்தம்தான் கேட்கிறது.

ப்ரியா: நான் கேட்டேன். ஆச்சி சொல்வது: "பையனுக்கு என் கையிலிருந்து நாலாயிரம் தருகிறேன். பேரன் ஒருத்தனுக்கு வாங்கும்போது யாரும் கணக்குக் கேட்கவில்லை, இவனுக்கு மட்டும் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அப்புறம், விசேஷத்துக்கு மறுநாள் சொதி வைக்க வேண்டும். சாம்பார் என்று யாரும் சொல்லாதீர்கள்."

ராஜாராம்: அம்மா, அது வேறு இது வேறு.

கோமதி: பேரனுக்குத்தான் அம்மா. பேத்திக்கு அரசு கொடுத்த லேப்டாப்தான்.

ப்ரியா: அம்மா விடுங்கள்

கோமதி: உண்மையைச் சொன்னேன்.

மீனா: சொதிக்கு எத்தனை பேர்? தேங்காய் கணக்குச் சொல்ல வேண்டும். நூறா, நூற்றைம்பதா?

சங்கர் ஷார்ஜா: சொதி என்றால் இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும்

மீனா: டிக்கெட் போட்டீர்களா முதலில்?

சங்கர் ஷார்ஜா: பார்த்துக்கொண்டிருக்கிறேன்

தினேஷ்: ஆறும் நாலும் பத்து. எஸ்எஸ்டி, ரேம், பட்டன் செல், சிப் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், ஒரு உருப்படியான எஸ்எம்பிஎஸ். கார்டு பரீட்சைக்கு அப்புறம்.

செல்வி: கார்டைப் பற்றி நான் இன்னும் சரி சொல்லவில்லை.

ராஜாராம்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முருகன்: பார்க்கலாம்.

மாலை 6:48

விக்னேஷ்: பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடு. ஃபேனில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. சுத்தம் செய்துவிட்டு போட்டோ காப்பி போட்டிருக்கிறேன்.

ராஜாராம்: ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டு ஊது. சுற்றவிடாதே.

விக்னேஷ்: சரி பெரியப்பா

செல்வி: போட்டோ மொத்தம் 38 ஜிபியாம். டிஸ்க்கில் 700க்கு மேல் நிரம்பியிருக்கிறது. மீதி என்னவென்று கேட்டால் சிஸ்டம் ஃபைல் என்கிறான். தினேஷ், சிஸ்டம் ஃபைல் அவ்வளவு இருக்குமா?

தினேஷ்: சித்தி, சிக்னல் சரியில்லை

இரவு 9:20

விக்னேஷ்: கிட்டத்தட்ட முடிந்தது. கல்யாண போட்டோ பத்திரம். பெரியப்பா வீட்டுப் பால்காய்ப்பு, ப்ரியா மதினி சடங்கு, எல்லாம் வந்துவிட்டது. குற்றாலம் 2009 மட்டும் வரவில்லை. 11 படம். மூன்று தடவை முயன்றேன், அந்த இடம் வந்ததும் டிக் டிக் என்று நின்றுவிடுகிறது.

கோமதி: குற்றாலமா?

செல்வி: ஆமாம் மதினி.

கோமதி: அவர் ஐந்தருவியில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அதுவா?

செல்வி: அதுவும்தான்

தினேஷ்: விக்கி, நிறுத்திவிடு. இனிமேல் முயலாதே. சென்னையில் டேட்டா மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு கூடத்தான். அத்தை, நான் விசாரிக்கிறேன்.

ராஜாராம்: எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன்.

ப்ரியா: யாரும் எதுவும் செய்ய வேண்டாம். குற்றாலம் முழுதும் என்னிடம் இருக்கிறது. காலேஜ் சேர்ந்த வருடம் கேமரா கார்டிலிருந்து நேராக ஏற்றியது. சும்மா எடுத்துப் பார்ப்பேன்.

விக்னேஷ்: எதில் மதினி?

ப்ரியா: அரசு லேப்டாப்பில்.

ப்ரியா: *11 படங்கள்*

மீனா: அத்தான் எப்படிச் சிரிக்கிறார் பாருங்கள்

முருகன்: 🙏

ராஜாராம்: அந்தத் துண்டு என்னுடையது. திருப்பித் தரவே இல்லை.

கோமதி: இங்கே பீரோவில் இருக்கிறது அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5:02

தாத்தா: கம்ப்யூட்டரை ஏன் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள்

காலை 6:40

செல்வி: மாமா, ரிப்பேர். தினேஷ் சாமான் வாங்கி அனுப்புவான். உங்களுக்கு எதற்கு இப்போது?

தாத்தா: மூன்று மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. சீட்டு அடுக்குவேன்

விக்னேஷ்: அம்மா 🙂

செல்வி: 🙏

ப்ரியா: முனி கிடைத்துவிட்டது

தாத்தா: சீட்டு விளையாட எவ்வளவு ரேம் வேண்டும்

தினேஷ்: தாத்தா, உங்களுக்கு இருப்பதே போதும். ஆனாலும் விக்கிக்காக

செல்வி: விக்கிக்காக என்ன?

தினேஷ்: தாத்தாவுக்காக. இன்று ஞாயிறு, ரிச்சி தெருவில் பாதிக் கடை திறந்திருக்காது. நாளை சாயங்காலம் போகிறேன். சித்தப்பா, ஜிபே செய்துவிடுங்கள்.

முருகன்: எட்டு அனுப்புகிறேன்.

தினேஷ்: பத்து என்று பேசினோமே

முருகன்: ரேம் அப்புறம் பார்க்கலாம்.

தாத்தா: ரேமும் வாங்கு

மீனா: அப்படியே அந்த முன்பணமும் அப்பா