ஒரு ஈஎம்ஐகூடத் தவறியதில்லை, ஆனாலும் வீட்டுக்கடன் கிடையாது என்கிறார்கள்

சிறுமலை:

வணக்கம். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை, வயது 41, கையில் வருவது மாதம் 48,000, முழுக்க வங்கிக் கணக்கில்தான். 2015இல் பைக் லோன் எடுத்து முடித்தேன். கொரோனா சமயம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு பர்சனல் லோன், அதையும் கெடுவுக்கு நான்கு மாதம் முன்பே அடைத்தேன். ஒரு ஈஎம்ஐகூடத் திரும்பியதில்லை. எங்கள் அப்பா மளிகைக் கடைப் பற்று நோட்டை மாதம் 5ஆம் தேதி தாண்ட விடமாட்டார், அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

இப்போது வீடு வாங்க 22 லட்சம் கேட்டேன். அப்ரூவல் உள்ள மனை, வில்லங்கம் சுத்தம், 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத ஒப்பந்தம் போட்டாயிற்று, அதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. சம்பளம் வரும் வங்கியிலேயே போட்டேன். எட்டாம் நாள் நிராகரிப்பு என்று ஒரு குறுஞ்செய்தி. நேரில் போனால், "சிபில்ல ஏதோ இருக்கு சார், எங்க கையில இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் போட்டேன், அங்கேயும் அதே கதைதான். ஆனால் என் ஃபோனில் இருக்கும் யூபிஐ செயலியில் ஸ்கோர் 782 என்று பச்சையில் காட்டுகிறது! 750க்கு மேல் இருந்தால் போதும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? கவுன்டரில் நாலு பேர் முன்னால் "சிபில் பிரச்சினை" என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கே போய்க் கேட்பது?

வேகத்தடை:

சகோ, ஒரே வங்கியை நம்பி உட்காராதீர்கள். ஐந்தாறு இடத்தில் ஒரே நேரத்தில் போட்டுவிடுங்கள், ஒன்றாவது விழும். என் மச்சானுக்கு அப்படித்தான் நான்காவது இடத்தில் கிடைத்தது. லோன் ஏஜென்டைப் பிடித்தால் அவரே எல்லாம் பார்த்துக்கொள்வார்.

பழைய லெட்ஜர்:

தம்பி, முதலில் ஒன்று. மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டை எடுக்கும், எடுத்தது தேதியோடு அதிலேயே பதிவாகும். ஒரே மாதத்தில் ஆறு பேர் எடுத்திருந்தால் ஏழாவது ஆள், இவருக்குப் பணமுடை, ஊரெல்லாம் கேட்டு அலைகிறார் என்றுதான் படிப்பார், ஸ்கோரும் இறங்கும். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன், கடைசி ஒன்பது வருடம் கடன் பிரிவில். உங்கள் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். 22 லட்சத்துக்கு 20 வருடம், எட்டரை சதவீதம் என்றால் மாதம் 19,000 சொச்சம். வேறு ஈஎம்ஐ எதுவும் இல்லாமல் 48,000 வாங்குகிறவருக்கு அது பாதிக்குக் கீழேதான் வருகிறது. ஆக, வருமானம் இடிக்கவில்லை. எட்டே நாளில் தள்ளியிருக்கிறார்கள் என்றால் மனைப் பத்திரம் வக்கீல் வரை போயிருக்காது. ரிப்போர்ட்டில்தான் ஏதோ ஒரு வரி இருக்கிறது.

அந்த 782ஐ வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. நம் கடன் வரலாற்றைத் திரட்டி ரிப்போர்ட்டும் ஸ்கோரும் போடுகிற நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நான்கும் தனித்தனியாகத் தகவல் வைத்திருக்கின்றன, தனித்தனியாகக் கணக்குப் போடுகின்றன. செயலி காட்டுவது பல நேரம் வேறொரு நிறுவனத்தின் எண். வங்கி பெரும்பாலும் சிபிலை எடுக்கும். நாலையும் மக்கள் சிபில் என்றே சொல்வதால் வந்த குழப்பம் இது. ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2017இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கே சிபில் இணையதளத்தில் பான் எண் கொடுத்து எடுங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள். கணக்குகள் என்ற பகுதியில் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் அங்கே வந்து நிற்கும்.

அப்புறம், "எங்க கையில இல்ல" என்று அவர்கள் சொன்னது சரியில்லை. எந்தக் கடனாக இருந்தாலும், எவ்வளவு தொகையாக இருந்தாலும், நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் கேளுங்கள். தலைகுனிய வேண்டியது நீங்கள் இல்லை.

நிலா ஈரோடு:

அண்ணா, கவுன்டரில் நடந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. நான் நர்ஸ், பன்னிரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டுகிறேன், ஒரு மாதம் பிசகியதில்லை, வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் எல்லாம் நேரத்துக்கு. கடன் மட்டும் வாங்கினதே இல்லை. ஸ்கூட்டிக்கு லோன் கேட்டபோது "உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே மேடம்" என்று திருப்பி அனுப்பினார்கள். என் ரிப்போர்ட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. சீட்டு, வாடகை, சேமிப்பு எதுவும் அந்தக் காகிதத்துக்குத் தெரியாதாம். கடன் வாங்காமல் இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

கடைசியில் 25,000 ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். மாதம் மளிகை மட்டும் அதில், பில் வந்த அன்றே கட்டிவிடுவேன். ஆறேழு மாதம் கழித்துத்தான் முதல் முறையாக ஒரு எண் வந்தது. முதல் முறை கடன் கேட்கிறவரை, பழைய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னதாக அந்த ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்திலேயே நிதித்துறை இணையமைச்சர் பதில் கொடுத்திருக்கிறார். என்னைப் போல யாராவது இதைப் படித்தால் அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். உங்கள் விஷயம் வேறு அண்ணா, சார் சொன்னபடி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

சிறுமலை:

எடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது.

சிபிலில் என் ஸ்கோர் 641. பைக் லோன் வரியில் எத்தனை நாள் தாமதம் என்ற இடத்தில் மாதா மாதம் 000, 000 என்று கட்டம் கட்டமாகச் சுத்தமாக இருக்கிறது, பர்சனல் லோனும் அப்படியே. அதற்குக் கீழே ஒரு கிரெடிட் கார்டு. 2018 மார்ச்சில் திறந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் 14,362 ரூபாய் வாராக்கடனாக எழுதித் தள்ளப்பட்டது என்று இருக்கிறது. இரண்டு நாள் யோசித்து, பெட்டியெல்லாம் கிளறிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அப்போது கோவையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். சம்பளக் கணக்கு திறந்தபோது கார்டும் சேர்த்து அனுப்பினார்கள். வாழ்நாள் இலவசம் என்று சொன்ன ஞாபகம். கவரைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, கார்டு இன்னும் அந்த அட்டையில் ஒட்டினபடியே இருக்கிறது. பின் நம்பர் போட்டதில்லை, ஒரு ரூபாய்க்கு உபயோகித்ததில்லை.

வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்துக் கேட்டேன். இரண்டாம் வருட ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய். அது கட்டவில்லை என்று தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, அதற்கு ஜிஎஸ்டி என்று வளர்ந்து பதினாலாயிரம் ஆகியிருக்கிறது. பில்லெல்லாம் நான் காலி செய்த வாடகை வீட்டுக்கும், கம்பெனி மின்னஞ்சலுக்கும், வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்ட கம்பெனி சிம்முக்கும் போயிருக்கிறது. என்னைத் தவிர எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது.

இன்று மாலை வசூல் ஏஜென்சியிலிருந்து ஒருவர் பேசினார். 6,000 கட்டினால் செட்டில் செய்து லெட்டர் தருகிறாராம், நாளைக்குள் கட்ட வேண்டுமாம். கட்டிவிட்டுத் தொலையட்டும் என்று தோன்றுகிறது. அட்வான்ஸ் போய்விடும் என்ற பயம்.

பழைய லெட்ஜர்:

தம்பி, கட்டாதீர்கள். இரவு பத்தரைக்கு எழுதுகிறேன், காலையில் எழுந்ததும் நீங்கள் கட்டிவிடக் கூடாதே என்றுதான்.

செட்டில் என்ற சொல்லைக் கேட்டால் முடிந்தது என்று தோன்றும். ரிப்போர்ட்டில் அதற்கு அர்த்தம் வேறு. முழுப் பாக்கியைக் கட்ட முடியாதவர், பேரம் பேசிக் குறைத்துக் கட்டினார் என்று பதிவாகும். அந்த ஒரு சொல் பல வருடம் அங்கேயே கிடக்கும், அதைப் பார்க்கிற கடன் அதிகாரி கோப்பை மூடிவிடுவார். நானே மூடியிருக்கிறேன். 2014இல் ஒரு ஆசிரியைக்கு இதே மாதிரி ஒரு சின்னத் தொகைக்காக மறுத்தேன். எதனால் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த அம்மா முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

உங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். கார்டு செயல்படுத்தப்படவே இல்லை, ஆகவே எல்லாக் கட்டணங்களையும் ரத்து செய்து அந்தக் கணக்கையே ரிப்போர்ட்டிலிருந்து நீக்க வேண்டும். ஏஜென்சியோடு பேசாதீர்கள். கார்டு கொடுத்த வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள், ஒட்டினபடி இருக்கும் கார்டைப் படம் எடுத்துச் சேருங்கள் (நடு எண்களை மறைத்துவிடுங்கள்), ஒரு பரிவர்த்தனையாவது இருந்தால் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி முன்பிருந்தே சொல்லிவந்தது. 2022 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளில், செயல்படுத்தாத புதுக் கார்டைப் பற்றிச் சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவலே அனுப்பக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் கார்டு அதற்கு முந்தையது, ஆனாலும் அதைக் குறிப்பிடுங்கள், அவர்களுக்குப் புரியும்.

அதே நாளில் சிபில் தளத்திலும் திருத்தக் கோரிக்கை போடுங்கள், இலவசம்தான். சிபில் தானாக எதையும் மாற்றாது, வங்கியிடம் கேட்டு அது சொன்னால்தான் மாற்றும், அதனால்தான் இரண்டு பக்கமும் போடச் சொல்கிறேன். மொத்தம் 30 நாள் கெடு. தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இந்த விதி இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்), 14448க்கு அடித்தால் வழி சொல்வார்கள். சிபில் சரிசெய்து தருகிறோம் என்று பணம் கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், நீங்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்வார்கள்.

மனை விற்பவரிடம் நாளைக்கே நேரில் போய் உள்ளதைச் சொல்லி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் ஒரு மாத நீட்டிப்பு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

வேகத்தடை:

சகோ, நான் ஐந்தாறு இடம் என்று சொன்னது தப்பு. மச்சானுக்கும் இப்போது எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சிறுமலை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். ஏஜென்சிக்கு ஒரு ரூபாய் கட்டவில்லை. வங்கியிலிருந்து முதலில் வந்தது ஒரு பொதுவான பதில், கட்டணங்கள் விதிப்படி சரியானவை என்று. மறுபடி கார்டின் படத்தோடு அந்த வங்கியில் புகார்களைப் பார்க்கும் நோடல் அதிகாரிக்குப் போட்டேன், செயல்படுத்திய தேதி என்ன என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. 30 நாள் தாண்டியது. 41ஆம் நாள், கட்டணங்கள் முழுக்க ரத்து, கணக்கு நீக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. அதற்கடுத்த மூன்றாம் நாள் என் கணக்கில் 1,100 ரூபாய் வரவு, அந்தப் பதினொரு நாளுக்கு. அதை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன், எதற்கு என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

நேற்று எடுத்த ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. ஸ்கோர் 768. சம்பள வங்கியிலேயே மறுபடி கொடுத்திருக்கிறேன், இந்த முறை வக்கீல் பார்வைக்குப் போயிருக்கிறது. மனை விற்பவர் நல்ல மனிதர், பின்பக்கம் எழுதிக் கொடுத்தார், இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

லெட்ஜர் சார், அன்றைக்கு இரவு நீங்கள் எழுதியிருக்காவிட்டால் காலையில் கட்டியிருப்பேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் அந்தப் பழைய கோவை முகவரி இன்னும் இருக்கிறது. அதையும் எடுக்கச் சொல்லவா?

பழைய லெட்ஜர்:

வேண்டாம் தம்பி, விட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருந்த வீடுதானே, கேட்டால் வேலைக்காக இருந்தேன் என்று சொல்லுங்கள். இப்போது இன்னொரு திருத்தம் போட்டு அது நிலுவையில் நின்றால் வீட்டுக்கடன்தான் தள்ளிப்போகும். வக்கீல் கருத்து வந்ததும் எழுதுங்கள், தாய்ப்பத்திரம் கேட்டிருப்பார்கள், அசலைக் கொடுக்கும்போது பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.