ஸ்கூல் வெப்சைட்ல பொண்ணு பேரு, பஸ் ஸ்டாப், என் நம்பர் எல்லாம் கெடக்கு, சட்டப்படி ஏதாவது பண்ண முடியுமா?

ஸ்டாப்நம்பர்9:
போன வாரம் ஒரு அபாகஸ் கிளாஸ்ல இருந்து போன் வந்துச்சு, "மேடம் உங்க பொண்ணு நாலாவது பி செக்‌ஷன் தானே, ஃப்ரீ டெமோ கிளாஸ் இருக்கு"ன்னு. பேரு வேற கரெக்டா சொல்றான். எங்கிருந்துடா எடுத்தீங்கன்னு கேட்டா கட் பண்ணிட்டான். சும்மா இருக்க முடியாம என் நம்பரையே கூகுள்ல போட்டுப் பாத்தேன், முதல் ரிசல்ட்டே எங்க ஸ்கூலோட பஸ் ரூட் பிடிஎஃப். மொத்தம் 11 பக்கம், எல்லா புள்ளைங்க பேரும் கிளாஸ், செக்‌ஷன், அப்பா அம்மா மொபைல் நம்பரோட வரிசையா இருக்கு. என் பொண்ணுக்கு நேரா "காலை 7.20, பிள்ளையார் கோயில் எதிர்ல"ன்னு போட்டு வெச்சிருக்காங்க. அந்த ஸ்டாப்ல அவ கூட யாரும் நிக்கறதில்ல, நான் பால்கனியில இருந்துதான் பாத்துட்டு இருப்பேன். படிச்சதும் கை நடுங்கிருச்சு. ஆபீஸ் ரூம்ல போய் சொன்னா "பேரன்ட்ஸ் வசதிக்குத்தான் மேம் போட்டோம்"ங்கறாங்க. இதுக்கு சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

குமரன்_கோவை:
இருக்கு சிஸ்டர், ஜுவனைல் ஜஸ்டிஸ் ஆக்ட் 2015 செக்‌ஷன் 74. குழந்தை பேரு, அட்ரஸ், ஸ்கூல் வெளியிட்டா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். நேரா ஸ்டேஷன் போங்க.

கறுப்புகோட்டு:
குமரன் ப்ரோ, தண்டனை கரெக்ட், ஆள் தப்பு. 74 எல்லா குழந்தைக்கும் கிடையாது. கேஸ்ல மாட்டுன குழந்தை, பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சி சொல்ற குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தை, இவங்களுக்குத்தான். ஸ்கூல் பஸ்ல போற பொண்ணுக்கு இத எழுதிக் குடுத்தா ஸ்டேஷன் ரைட்டர் படிச்சுட்டு மடிச்சு கையில குடுத்துருவார்.

மேடம், உங்க பிரச்னைக்குன்னே எழுதுன சட்டம் 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தை, செக்‌ஷன் 9 படி பெத்தவங்க சம்மதத்த சரிபார்த்து வாங்கணும், குழந்தையோட நலனுக்கு கெடுதல் வர்ற மாதிரி அந்த விவரத்த கையாளக்கூடாது, மீறினா 200 கோடி வரைக்கும் அபராதம். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ரூல்ஸ் வந்ததே 2025 நவம்பர்ல, அதுலயும் இந்த கடமையெல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம்தான் அமலுக்கு வருது. அபராதமும் அரசாங்க கஜானாவுக்குப் போகும், உங்க கைக்கு பத்து பைசா வராது.

பழைய ஐடி ஆக்ட்ல (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43ஏ இருக்கே, சென்சிடிவ் விவரத்த அஜாக்கிரதையா விட்டா நஷ்டஈடுன்னு, அது ஆகாதான்னு கேப்பீங்க. அதுக்கான 2011 ரூல்ஸ்ல பாஸ்வேர்டு, பேங்க் விவரம், மெடிக்கல் ரெக்கார்டு, கைரேகை மாதிரி ஐட்டம்தான் சென்சிடிவ், பேரும் போன் நம்பரும் லிஸ்ட்லயே இல்ல. 72ஏன்னு ஒண்ணு இருக்கு, ஒப்பந்தத்த மீறி, நஷ்டம் வரும்னு தெரிஞ்சே வெளியிட்டா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆனா ஸ்கூல் அந்த எண்ணத்தோட பண்ணுச்சுன்னு நிரூபிக்கறதுக்குள்ள உங்க பொண்ணு காலேஜ் போயிருவா.

அதனால சட்டத்த பயமுறுத்த வெச்சுக்கோங்க, காரியத்த லெட்டர்ல முடிங்க. முழு லிங்க்கும் தேதியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், பிரின்சிபலுக்கும் கரஸ்பாண்டென்ட்டுக்கும் தனித்தனியா டெலிவரி ஆன சான்றோட ஸ்பீட் போஸ்ட். அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட் 9 ஜட்ஜ் பெஞ்ச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு, வரப்போற செக்‌ஷன் 9, ரெண்டையும் ரெண்டு வரி எழுதுங்க. ஸ்கூல் பஸ் எங்க போகுதுன்னு பாதுகாப்புக்காக ட்ராக் பண்ண புது ரூல்ஸ்ல விலக்கு இருக்கு, அத தூக்கிட்டு வருவாங்க. ட்ராக் பண்றது வேற, ஊருக்கே காட்டறது வேறன்னு சொல்லுங்க.

ஊர்சுத்தி:
ஓவரா பில்டப் பண்றீங்க. பர்த்டேக்கு கேக் வெட்டற போட்டோவ யூனிஃபார்மோட ஸ்டேட்டஸ்ல போடறது யாரு, நாமதானே. 10வது ரிசல்ட் வந்தா முக்கு முக்கா ஃப்ளெக்ஸ் வெப்பாங்க, 2017ல நம்ம கவர்மென்ட் ரேங்க் அறிவிக்கறதையே நிறுத்துச்சு, ஃப்ளெக்ஸ் நின்னுச்சா?

கறுப்புகோட்டு:
வீட்டு விஷயமா நீங்க தனிப்பட்ட முறையில போடறதுக்கு அந்த சட்டம் வராது சார், அது உண்மை. ஸ்கூலுக்கு அந்த சலுகை கிடையாது.

பழைய_டெஸ்க்:
நான் 20 வருஷம் சப் எடிட்டரா இருந்தவன், கொஞ்சம் சைடுல போறேன், மன்னிக்கவும். 74ம், பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்ட குழந்தையோட அடையாளத்த மீடியா வெளியிடக்கூடாதுங்கற போக்சோ 23ம் இந்த அம்மாவுக்கு உதவாதுதான், ஆனா நம்ம வாட்ஸப் குரூப்ல அத தினம் மீறிக்கிட்டு இருக்கோம். பேர எழுதலயேம்பாங்க, ஆனா தெரு பேரு, ஸ்கூல் பேரு, அப்பா என்ன கடை வெச்சிருக்கார்னு எழுதிருப்பாங்க, அப்புறம் பேரு எதுக்கு? 2018ல, ஜம்மு பக்கம் ஒரு சின்னப் பொண்ண பலாத்காரம் பண்ணிக் கொன்ன கத்துவா கேஸ்ல, அந்தக் குழந்தைய அடையாளம் காட்டுனதுக்கு டெல்லி ஹைகோர்ட் மீடியா நிறுவனங்கள ஆளுக்கு 10 லட்சம் கட்டச் சொன்னுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல நிபுன் சக்சேனா தீர்ப்பு, சுத்தி வளைச்சுக்கூட அடையாளம் தெரியக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட். எங்க டெஸ்க்ல அதுக்கப்புறம் ஊர் பேரையே "ஒரு கிராமம்"னு மாத்துவோம், ரிப்போர்ட்டர் வந்து சண்டை போடுவான்.

சர்வர்செல்வம்:
மேடம், லெட்டர் போற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஸ்கூல்ல "எடுத்துட்டோம்"னு சொன்னா நம்பாதீங்க, பாதி பேரு பேஜ்ல இருக்கற லிங்க்க மட்டும் எடுப்பாங்க, ஃபைல் சர்வர்ல அப்படியே உக்காந்திருக்கும். நீங்க சேவ் பண்ண முழு லிங்க்க அப்படியே திறந்து பாருங்க. ஃபைல் நெஜமாவே போனதுக்கப்புறம் கூகுள்ல பழைய ரிசல்ட்ட நீக்கற டூல் இருக்கு, அதுல அந்த லிங்க்க குடுங்க. ஸ்கூல் இழுத்தடிச்சா உங்க போன் நம்பர் வர்ற ரிசல்ட்ட எடுக்கச் சொல்லி நீங்களே கூகுளுக்கு கேக்கலாம், 2022ல இருந்து அந்த வசதி இருக்கு. இமேஜ் சர்ச்ல பொண்ணு போட்டோ வந்தாலும் 18க்கு கீழன்னா பெத்தவங்க கேட்டு எடுக்க வைக்கலாம். ஆனா ஒண்ணு, கூகுள்ல போனாலும் லிங்க் தெரிஞ்சவனுக்கு ஃபைல் திறக்கும்.

ஸ்டாப்நம்பர்9:
எல்லாருக்கும் நன்றி. லெட்டர் நேத்து போட்டாச்சு, கூடவே இன்னும் 6 அம்மாங்க கையெழுத்து. இன்னைக்கு மத்தியானம் கரஸ்பாண்டென்ட்டே போன் பண்ணி "எடுத்தாச்சும்மா, பெருசு பண்ணாதீங்க"ன்னார். செல்வம் அண்ணே சொன்ன மாதிரி முழு லிங்க்க போட்டேன், ஃபைல் இல்லன்னுதான் வந்துச்சு, நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் ஏதோ தோணி அந்த லிங்க் கடைசியில இருந்த வருஷத்துல ஒண்ண கொறச்சுப் போட்டேன். போன வருஷ லிஸ்ட் திறக்குது. மூணாவது பி, அதே 7.20, அதே பிள்ளையார் கோயில். அதுக்கு முந்தின வருஷத்தயும் போட்டுப் பாத்தேன், அதுவும் திறக்குது. நாளைக்கு காலைல மூணையும் பிரிண்ட் எடுத்துட்டு நேர்லயே போறேன்.